குச்சி சொல்லாத நடுக்கம்

ஒரு வீடியோ கேம் ரிமோட்டில் குறிபார்க்கும் குச்சியும் சுடும் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. செண்பகத்தின் விரல் அசைந்ததை அசைந்தபடியே திரைக்குச் சொல்வதில் குச்சிக்கு அத்தனை பெருமை. காய்ச்சலிலிருந்து எழுந்தபின் அவள் விரல் நடுங்கியது. ஓடிவந்த பூதத்தின் மேல் ஒரு குண்டும் படவில்லை.

“இனி எனக்கு இது வராது. இதான் கடைசி ஆட்டம்,” என்றாள்.

பட்டன் கொதித்தது. “யோவ் உத்தமா! அவ நடுக்கத்தையும் தம்பட்டம் அடிக்கணுமா?”

“விரல் சொன்னதைத்தானேய்யா சொன்னேன்?”

“அவ நினைச்சதைச் சொல்லுய்யா! சரி, பேரத்துக்கு வா. நீ நடுக்கத்தை விழுங்கு. தொட்டதும் வெடிக்கிற புத்தியை நானும் அடக்கிக்கிறேன்.”

அடுத்த பூதம் வந்தது. விரல் நடுங்கியது. குச்சி கண்டும் காணாததுபோல் இருந்தது; பட்டன் அவள் அழுத்தி முடிக்கும்வரை பொறுத்து வெடித்தது. பூதம் சாய்ந்தது.

செண்பகம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏய், உனக்குச் சரியாயிடுச்சா!” என்று அதற்கொரு முத்தம் கொடுத்தாள்.

குச்சி வாயே திறக்கவில்லை.