வெந்நீர்க் கட்டுரை

“இத எழுதினவங்களப் பாக்கணும். பாக்காமப் போகமாட்டேன்.”

வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சுருட்டிப் பிடித்த ஞாயிறு இணைப்பிதழோடு அங்கிருந்து நகரவும் இல்லை. வரவேற்பாளப் பெண் பயந்துபோய் மாடிக்குப் போன் போட்டாள்.

போனை எடுத்தவர் இணைப்பிதழின் பொறுப்பாளர். யார் கட்டுரை கையில் கிடைத்தாலும் பாதியாக நறுக்கிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் ‘கத்திரி’ என்று பெயர். யாரோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்றதும் எந்தக் கட்டுரைக்கு என்று விசாரித்தார். வெந்நீர்க் கட்டுரை என்று தெரிந்ததும் உச்சி குளிர்ந்து, தானே படியிறங்கி வந்தார்.

அதை எழுதியவள் ‘டீச்சர்’. ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை. அறிவியல் எழுதுகிற பாவத்துக்கு அலுவலகம் சூட்டிய பெயர் அது. குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்து, காற்றோட்டமும் இல்லையென்றால், நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சுவாயு சேரும்; குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து அப்படியே போய்விடலாம்; ஹீட்டரை வெளியே மாற்றுங்கள், அதுவரை ஜன்னலையாவது திறந்து வையுங்கள். இவ்வளவுதான் கட்டுரை.

கத்திரிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவர் வைத்த ஒரு தலைப்பில் நிலவுக்குச் சொந்த வெளிச்சம் இருப்பதாக வந்துவிட்டதை, ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவள் சுட்டிக்காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் எழுதிக் கொடுப்பதெல்லாம் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். பாத்ரூம் சமாசாரத்தைக் காலங்காத்தாலே எவன் படிப்பான் என்று சொல்லி, இந்தக் கட்டுரையையும் நான்கு வாரம் கிடப்பில் போட்டார். அவளும் விடாமல் வாராவாரம் வந்து கேட்டாள். ஒரு வாரம் நடிகை வீட்டுத் தோட்டம், மறுவாரம் முடி கொட்டாமலிருக்கப் பத்து வழி என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அனுப்பினார். கடைசியில் ஒரு விளம்பரம் வராமல்போய்ப் பாதிப் பக்கம் காலியாகக் கிடந்ததால், நேற்று அச்சேறியது.

காலையிலிருந்து வந்த எதிர்வினைகளும் அவர் வயிற்றில் பால் வார்த்தன. ஹீட்டர் கடைக்காரர் ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார். பத்து வருஷமாக இதில்தான் குளிக்கிறேன், குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் ஒருத்தரும் குளிக்க மாட்டேன் என்கிறார்கள், நாற்றத்துக்கு நீங்கள் பொறுப்பா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அத்தனையையும் அச்செடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, டீச்சரின் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார் கத்திரி.

இப்போது ஆளே நேரில் வந்துவிட்டார். படியேறும்போது கத்திரி அவர் காதோரம் குனிந்து, நன்றாகக் கேளுங்கள் சார், நாங்கள் சொன்னால் அந்த அம்மாவுக்கு ஏறுவதில்லை என்று தூபம் போட்டார். வந்தவர் படியைப் பார்த்தபடியே ஏறினார். அவர் கையிலிருந்த பக்கத்தைக் கத்திரி ஓரக்கண்ணால் பார்த்தார். வரிக்கு வரி பென்சில் கோடு. சில இடங்களில் இரண்டு தடவை. குற்றம் பிடிக்கவென்றே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

மாடிக் கூடத்தில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. டீச்சர் எழுந்து நின்றாள். காலையிலிருந்து வாங்கிய அடி போதாதா என்றிருந்தது அவளுக்கு. முந்திக்கொண்டு, இரண்டு டாக்டர்களிடம் காட்டிய பிறகுதான் கட்டுரையைக் கொடுத்தேன், தப்பிருந்தால் எந்த வரி என்று சொல்லுங்கள் என்றாள்.

வந்தவர் தாளை மேசைமேல் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

“மயக்கம் வரும்னு எழுதியிருக்கீங்க. வலிக்குமாம்மா?”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று நான்கு நாள் தாடி; பொத்தான்கள் மாறிப் போட்ட சட்டை. அவள் குரல் இறங்கியது.

“பெரும்பாலும் தெரியாதுங்க. தூக்கம் சொக்குற மாதிரிதான் இருக்கும்.”

அவர் தலையாட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“என் பொண்ணு. பதினாறு நாளாச்சு. குளிக்கப் போனவ உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா. தானா ஏதோ பண்ணிக்கிட்டான்னு சொந்தக்காரங்க பேசினாங்க. அவ அம்மாவும் நம்பிட்டா. நேத்து இத நாலு தடவ படிச்சுக் காட்டினேன். அப்புறந்தான் எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிட்டா.”

பதினாறு நாள் என்பதைப் பின்னோக்கி எண்ணக் கத்திரிக்கு விரல் தேவைப்படவில்லை. அங்கே மற்றவர்களுக்கும் தேவைப்படவில்லை.

வந்தவர் தாளை மெல்ல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“எல்லாம் சரியாத்தாம்மா எழுதியிருக்கீங்க. இத ஒரு மாசம் முன்னாடி எழுதியிருக்கக் கூடாதா?”

எல்லார் பார்வையும் கத்திரிமேல் போய் நின்றது. டீச்சரும் ஒரு தடவை பார்த்தாள். கத்திரி தலை குனிந்தார்.

அவள் தன் நாற்காலியை இழுத்து, வந்தவரை உட்கார வைத்தாள்.

“எனக்கே இது போன வாரந்தாங்க தெரியும்.”