கறுக்கும் புட்டி

“மூணாவது புட்டியும் கறுத்துப்போச்சு தம்பி. இவளத் தவிர இந்த ரூமுக்குள்ள யாரு வர்றா?”

ஏலத்தோட்ட முதலாளி மொக்கச்சாமி கேட்க, இலைநோயைக் கண்டறிய வந்திருந்த ஆராய்ச்சியாளர் காசிராஜன் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். நேற்றுக் கரைத்துப் பெட்டிக்குள் வைத்தபோது மருந்து வெளிர்மஞ்சளாகத்தான் இருந்தது.

கதவோரம் நின்ற வீரலட்சுமி, அந்த அறையைக் கூட்டுகிறவள். “மருந்து பட்டா கண்ணு அவிஞ்சிரும்னு இந்த சார் சொன்னதுலருந்து பெட்டிப் பக்கம் என் வெளக்கமாறே போகல மொதலாளி.”

“தரையப் பாத்தாலே தெரியுது,” என்றார் காசிராஜன்.

“பொழுது சாயிறதுக்குள்ள தோட்டத்து லைன் வீட்டக் காலி பண்ணிட்டு, கீழ போடி டவுனுக்கு எறங்கிரு,” என்றார் மொக்கச்சாமி அவளிடம்.

“ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க மொதலாளி போவேன்?”

மொக்கச்சாமி காதில் வாங்கவில்லை. “மருந்து கறுத்தா என்ன தம்பி? எப்படியும் இலையக் கறுப்பாக்கத்தானே போறீக?”

“கல்கத்தாவுல இருக்கிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வெளிச்சத்துல பாக்கிறதில்லய்யா. வெறும் இலைத் துண்டு அதுக்குப் புகை மாதிரி. இந்த மருந்துல ஆஸ்மியம்னு கனமான உலோகம் இருக்கு. அது இலையோட கொழுப்புல போய் ஒட்டுற இடம்தான் படத்துல கறுப்பா விழும். புட்டியிலயே கறுத்துட்டா, இலையில ஒட்ட மிச்சமிருக்காது.”

“படம் விழலேன்னா?”

“நோய் இன்னதுன்னு சொல்ல முடியாது. செடி பூராவும் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.”

மொக்கச்சாமி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காசிராஜன் பெட்டியருகே குனிந்தார். சுற்றிலும் தரையில் தூசி. பெட்டி மூடியில் மட்டும் இல்லை. உள்ளே வைக்கோலை விலக்கினார். அடியில் பச்சை ஏலக்காய்கள் கிடந்தன.

வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். “பொறுக்கி எடுத்த பெருவெட்டுக் காயி. எங்களுக்கு ஏது சார் இது?”

காசிராஜன் இன்னும் திறக்காத கடைசி மருந்துக் குப்பியை ஜன்னலோரம் உடைத்து, நீரில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டார். ஒரு காயை நசுக்கி அதில் போட்டார். மஞ்சள் மெல்லக் கறுத்தது.

“எண்ணெய்! ஏலக்காய் வாசமே எண்ணெய்தான். மூடி இடுக்குல நுழைஞ்சு மருந்தக் கெடுத்திருக்கு. இனிமே பெட்டிக்குள்ள ஏலக்காய் இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

மொக்கச்சாமி மேசையருகே வந்தார். தோட்டம் பிழைக்க வேண்டுமென்று சாமி படத்தடியில் வைத்து எடுத்து, இன்றைக்கும் பெட்டியில் போட மடியில் முடிந்து வந்திருந்த காய்களை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“ஆத்தா வீரலட்சுமி, எங்கிட்ட இருக்கிறதும் சேத்து ரூம் சாவி ரெண்டையும் நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத.”