ஏழாம் பக்கத்துக்காரர்

கேமரா பையைத் திறந்தால் நாலு ஃபிளாஷ் பல்பையும் காணோம்.

எடுத்தது யார் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த எண்ணெய்க் கிணற்றுக் கொட்டகையில் அவரைத் தவிர இன்னொரு பத்திரிகைக்காரன்தான் இருந்தான். அதே பத்திரிகை, அதே சம்பளம், ரெண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவன். ஆபீஸில் அவனுக்கு 'முதல் பக்கம்' என்று பேர். அவன் எடுத்த படம் அங்கேதான் வரும்.

இவருக்கு 'ஏழாம் பக்கம்'. லாரி கவிழ்ந்தது, பஸ் மரத்தில் மோதியது எல்லாம் அங்கேதான் போடுவார்கள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்காகக் காதில் விழாமலா இருக்கும்?

காலையில் எண்ணெய் வயலில் குழாய் வெடித்து, ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டதாகச் சேதி வந்ததும் ஆசிரியர் ரெண்டு பேரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். வருகிற திங்கட்கிழமை தலைமைப் புகைப்படக்காரர் யார் என்று சொல்லப் போகிறார். இந்தப் படத்தில் ஜெயிக்கிறவனுக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

வாசலில் காவலாளி எல்லாரிடமும் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். இவரும் நல்ல பிள்ளையாகக் கொடுத்துவிட்டார். பையின் அடியில் துண்டில் சுற்றியிருந்த ஃபிளாஷ் பல்புகளை மட்டும் காட்டவில்லை. கேட்டது தீப்பெட்டி, பல்பு தீப்பெட்டியா என்ன? ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான் ஆகும். நாலு பல்பு, நாலு படம். அதில் ஒன்று முதல் பக்கத்துக்குப் போனால் போதும்.

கொட்டகைக்குள் பட்டப்பகலிலேயே இருட்டு. 'முதல் பக்கம்' கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்.

"இங்க பல்பு வேணாம்பா. இருக்கிற வெளிச்சத்துல எடு."

அவன் கேமரா எந்த இருட்டிலும் எடுக்கும். இவருடைய பழைய டப்பாவுக்குப் பல்பு இல்லாவிட்டால் படம் கரிதான். அது தெரிந்தே சொல்கிறான் பார் என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, ஏறி நிற்க ஒரு பீப்பாயை உருட்டி வந்தார்.

அந்த அரை நிமிஷத்தில்தான் பல்பு காணாமல் போனது.

சண்டை போட நேரமில்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர் எட்டுப் படம் எடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். வாசலில் பையைத் தடவிப் பார்த்தார்கள், இருந்தால்தானே? கிடைத்த லாரியில் ஏறி ஆபீஸுக்கு வந்து பிலிமைக் கழுவிப் படம் போட்டால், எட்டும் கரி.

மறுநாள் முதல் பக்கத்தில் அவன் படம். கழற்றிய கதவு ஒன்றில் அடிபட்டவரைக் கிடத்தி ஆறு பேர் தூக்கி வருகிறார்கள். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் அந்தக் கைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. நல்ல படம். அதுதான் வயிற்றெரிச்சலே. மோசமான படமாக இருந்திருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பார்.

மனைவி வேறு பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, எவ்வளவு நல்லா வந்திருக்கு. இது நீங்க எடுத்ததா?" என்றாள்.

அவர் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. உட்கார்ந்து ஒரு முழுப் பக்கத்துக்குப் புகார் எழுதினார். தேதி, நேரம், கொட்டகைக்குள் தான் கொண்டுபோன நாலு பல்புகள், அதைத் திருடியவன் பேர், ஒன்றையும் விடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, நேரே ஆசிரியர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

ஆசிரியர் வேறொரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"உட்காருங்க. உங்க கூட்டாளி பண்ணின காரியத்தைப் பாருங்க."

எண்ணெய் வயலிலிருந்து வந்த கடிதம். வெளியே போகும்போது சோதித்ததில் உங்கள் புகைப்படக்காரரின் கால்சட்டைப் பையில் நாலு ஃபிளாஷ் பல்புகள் இருந்தன. கொட்டகைக்குள் அப்போது வாயு கசிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பல்பைப் போட்டிருந்தாலும் உள்ளே இருந்த இருபது பேரும் போயிருப்பார்கள். இனி அவரை நாங்கள் உள்ளே விடமாட்டோம்.

"கூப்பிட்டுக் கேட்டேன். 'தப்புதான் சார்'ங்கறான். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கறான். வேலையை விட்டே அனுப்பிடலாம்னு இருக்கேன்." ஆசிரியர் கடிதத்தை மடித்தார். "நீங்க பாருங்க, படம் வராட்டியும் பரவாயில்லைன்னு பல்பு இல்லாம போயிருக்கீங்க. அதுதான் பொறுப்பு. திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? தலைமை நீங்கதான்."

அவர் பீப்பாய்மேல் ஏறி, பல்பைப் பொருத்தி, பொத்தானை அழுத்தத்தான் போயிருந்தார். அந்த இருபது பேரில் அவரும் ஒருத்தர்.

அந்த நேரத்திலும் பாழாய்ப்போன வயிறு எரியத்தான் செய்தது. நல்லவனாக இருப்பதிலும் அவனே முந்திக்கொண்டானே.

ஆசிரியர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, லீவு லெட்டரா? அப்புறம் கொடுங்க," என்று இவர் பக்கமே தள்ளிவிட்டார்.

உறை கைக்கு வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தால், தலைமைப் புகைப்படக்காரர். முதல் பக்கத்தில் இனி போட்டிக்கும் ஆளில்லை.

எழுந்துகூட விட்டார். கதவு வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து உறையை ஆசிரியர் முன்னால் வைத்தார்.

"பிரிச்சுப் படிங்க சார். அந்த நாலு பல்பும் யாரோடதுன்னு என் கையெழுத்துலயே இருக்கு."