தானாக எரியும் ஃபிளாஷ்

“எட்டாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் புரியுமா?” என்று அக்காவின் கணவர், தன் ஃபோட்டோ ஸ்டூடியோவில் உதவிக்கு நிற்கும் அவளிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். இப்போதும் அவர் கண்ணில் அதே ஏளனம்தான். படம் எடுத்துக்கொள்ள வந்து, கறுப்பு கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கும் வக்கீலம்மாவின் முகத்தில், கேமராவை யாரும் தொடாமலே ஃபிளாஷ் பளீரென்று வெட்டுகிறது. “அந்த ட்ரிக்கரை நோண்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாளைலேருந்து கடைப்பக்கமே வராதே,” என்று மாமா அவள்மேல் பாய்கிறார். அவளுடைய இரண்டு கைகளும் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளை அட்டையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மரத்தடுப்புக்கு அப்பால், நேற்றுத் திறந்த புது ஸ்டூடியோவில் யாரோ “சிரிங்க” என்கிறார்கள். இங்கே மறுபடி வெளிச்சம் வெட்டுகிறது. “மாமா, பக்கத்துலயும் ஒண்ணாம் நம்பர் சேனல் போல. அவங்க படம் எடுத்தா நம்மது எரியுது.” “ஆமா, பெரிய இன்ஜினியர்!” அவள் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஃபிளாஷில் செருகிய ரிசீவரிலும் கேமராவின் தலையில் உட்கார்ந்து கம்பியில்லாமலே அதை எரியவைக்கும் ட்ரிக்கரிலும் சேனல் எண்ணை ஏழுக்கு மாற்றுகிறாள். தடுப்புக்கு அப்பால் மீண்டும் “சிரிங்க.” இங்கே விளக்கு கப்சிப்பென்று இருக்கிறது. மாமா கேமராவை அழுத்தியதும் சமர்த்தாக எரிகிறது. “பரவாயில்லையே, பொண்ணு கரெக்டா சொல்லிடுச்சே,” என்கிறார் வக்கீலம்மா. “எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான் மேடம். இல்லேன்னா இதுக்கு என்ன தெரியும்?” என்று சிரித்தபடி, அட்டையைப் பிடிக்கச் சொல்லி மாமா விரலைச் சொடுக்குகிறார். அவள் அட்டையைத் தாண்டி நடந்து, கதவைத் தள்ளி வெளியே போகிறாள்.