சுவருக்குள் ஒரு முழ இரும்பு

“பிளாஸ்டிக் பைப்பு வேணாமாம் ஐயா. இந்தச் சுவத்துக்குள்ள மட்டும் இரும்புதான் போடணுமாம். பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க.”

பைப்பு வேலைக்கு வந்த பாஸ் இப்திகார் இரண்டு கையிலும் துருவோடு என் அடுப்படியில் நின்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவ யாரு சொல்றதுக்கு? இந்தச் சுவர்ல பாதி என்னுது!”

வெள்ளையம்மாவும் நானும் தேயிலைத் தோட்டத்தின் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். பேசிப் பதினொரு வருஷமாகிறது. என் பலா மரத்து இலை அவள் கூரைத் தகரத்தில் விழுகிறதென்று தோட்டத்து ஆபீசில் மனுக் கொடுத்து, மரத்தையே வெட்ட வைத்தவள். வெட்டிய அன்று அதில் பதினாலு காய் இருந்தது. நான் மறக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பைப்பு ஆறு வீட்டையும் துளைத்துக்கொண்டு வந்து, கடைசியில் என் வீட்டில் முடிகிறது. ஆறு வீட்டுத் துருவும் என் குடத்தில்தான் விழும். தேயிலை போடாமலேயே தண்ணீர் தேத்தண்ணி நிறம். முகம் கழுவலாம், குடிக்க முடியாது. எழுபத்திரண்டு வயதில், சீனி வியாதியோடு, குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஊற்றுப் பீலிக்கு இறங்குகிறேன்.

இப்போதுதான் லயத்துக்குப் புதுப் பிளாஸ்டிக் பைப்பு வந்திருக்கிறது. அவள் வீடு வரைக்கும் வேலை முடிந்துவிட்டது. மிச்சம் என் வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு. அதில் வந்து குறுக்கே நிற்கிறாள்.

“எல்லாருக்கும் நல்ல தண்ணி, எனக்கு மட்டும் திரும்பவும் துருவா? அதுதானே அவ நெனப்பு?”

சுவரைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சட்டி ‘டங்’கென்று இறங்கியது. பதினொரு வருஷமாக எங்கள் பேச்சுவார்த்தை இப்படித்தான்.

“புது இரும்பு ஐயா, லேசில துருப் பிடிக்காது” என்றான் இப்திகார். “அவங்களே பலாங்கொடையில வாங்கி, பஸ்ல ஏத்தி, ரோட்டுலருந்து தோள்ல தூக்கிட்டு வந்திருக்காங்க.”

“பாத்தியா! சொமந்து வந்து வஞ்சகம் பண்றா!”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய பைப்பைத் திருகி இழுத்தான். சுவரில் கை நுழைகிற அளவு ஓட்டை. அதன் வழியாக அவள் அடுப்பு நெருப்பு தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இந்தத் தண்ணி டெப்பையும் மாத்திடுறேன் ஐயா. வாசர் தேஞ்சு போச்சு. தெறந்தா பஸ் ஹாரன் மாதிரி அலறுதே, எப்படித்தான் வச்சிருந்தீங்க?”

உண்மையைச் சொன்னால் சிரிப்பான். தினமும் விடியக்காலை நாலரைக்கு அந்த டெப்பை முழுசாகத் திறந்துவிடுவேன். சத்தம் இரும்பு வழியாக ஓடி அவள் வீட்டுச் சுவரை உலுக்கும். அவள் தூக்கம் கெடட்டும் என்றுதான். பலா மரத்துக்கு என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

“கதவுக் கொண்டியும் ஒடைஞ்சு தொங்குதே ஐயா?”

“அதுவும் அந்த வீட்டு வேலைதான். அவ மகன் பிரதீபன் போன ஐப்பசியில ஒடைச்சது.”

அன்றைக்குச் சீனி இறங்கி, எழும்பின கையோடு நான் இதே அடுப்படியில் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். பிரதீபன்தான் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனானாம். பூட்டிய வீட்டுக்குள் நான் விழுந்து கிடந்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பேச்சு இல்லாத வீட்டில் போய் எதைக் கேட்பது? திரும்பி வந்து பார்த்தேன், கொண்டி உடைந்து கிடந்தது. அதைச் சரிபண்ணித் தரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

“ஐயா, லுஹர் தொழுகைக்கு முன்னுக்கு நான் கீழ இறங்கணும். இரும்பா, பிளாஸ்டிக்கா?”

“ஏன் இரும்புன்னு அவகிட்டயே கேளு. காரணம் சொல்லட்டும்.”

இப்திகார் குனிந்து ஓட்டையில் வாயை வைத்தான். “அம்மா, ஏன் இரும்புன்னு ஐயா கேக்குறாரு.”

ஓட்டை வழியாக அவள் குரல் வந்தது. இப்திகாரிடம்தான் பேசினாள். என்னிடம் இல்லை.

“பிளாஸ்டிக்ல சத்தம் ஏறி வராதாமே தம்பி. அந்த அண்ணன் தனியா கெடக்காரு. நாலரைக்கு அவரு பைப்பு அலறுனாத்தான் எனக்கு நிம்மதி, எழும்பிட்டாருன்னு. போன ஐப்பசியில ஒரு நாளு அஞ்சு ஆச்சு, அஞ்சரை ஆச்சு, சத்தமே இல்ல. அதான் மகன விட்டு கதவ ஒடைக்கச் சொன்னேன்.”

அண்ணன். அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டும் பதினொரு வருஷமாகிறது.

இப்திகார் என் முகத்தைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

“இரும்பே போடு” என்றேன்.

“சரி ஐயா.” ஓட்டைக்குள் இரும்பைச் செருகி முடுக்கினான். பிறகு புது டெப்பை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தான்.

“அது வேணாம். பழசையே மாட்டு.”

“பழசா? அது அலறுமே ஐயா?”

“அதுக்குத்தான்.”