குடி மாறியவர்

மூன்று பெயரில் ஒன்றை வெட்ட வேண்டும். எந்தப் பெயரை என்று தாளில் இல்லை.

அதுதான் வம்பு. பனையேறி ராஜையன் வீட்டுக்கு ஆறு மாதமாக ரெண்டு ஆள் ரேஷன் அரிசிதான் போகிறதாம். வோட்டர் பட்டியலிலோ மூன்று பேர். "போய் விசாரிச்சு வெட்டிட்டு வாரும் வள்ளிநாயகம்" என்று பகுதிக் கச்சேரி என்கிற எங்கள் வருவாய் ஆபீசில் எனக்கு மேலே இருப்பவர் ஒரு சிவப்புப் பென்சிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நாட்டுக்கே முதல் பொதுத் தேர்தல் வருகிறது, பிழை இருக்கக் கூடாதாம்.

மார்த்தாண்டத்திலிருந்து நாலு மைல். சித்திரை வெயில். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ராஜையன் அப்போதுதான் பனையிலிருந்து இறங்கியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஓலைப்பட்டையில் அக்கானி என்கிற பதநீரை ஊற்றித் தந்தார். குடித்து முடித்தபோது பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

பட்டியலை வாசித்தேன். ராஜையன், ஐம்பத்தைந்து. நேசம்மாள், நாற்பத்தெட்டு. ஜெயசிங், இருபத்து மூன்று.

"இதுல ஒரு பேரு போகணும். யார் பேரு ஓய்?"

"எனக்க பேரு" என்றார் ராஜையன்.

ஆள் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். நெஞ்சில் பனை உரசிய தழும்பு. நரைத்த மீசையில் அக்கானி நுரை.

"வெளையாடாதேயும். பேரை வெட்ட ரெண்டு காரணந்தான் உண்டு. ஆள் செத்திருக்கணும். இல்லேன்னா குடி மாறிப் போயிருக்கணும்."

"ரெண்டாவதை எழுதும் சாரே. ஞானஸ்நானம் எடுத்த அண்ணைக்கே நான் குடி மாறியாச்சு. நமக்க ஊரு பரலோகமாக்கும். இங்க சும்மா தங்கிட்டுப் போறவன்."

"தங்கிட்டுப் போறவருக்கு எதுக்கு ஓய் முற்றத்துல எருமை?"

"எருமை அவளுக்குள்ளது."

கதவோரம் நின்றிருந்த மனைவி நேசம்மாளைக் காட்டினார்.

நான் சுசீந்திரம் பக்கத்துச் சைவன். கைலாசத்தில் எனக்கு ஓரமாக ஓர் இடம் கிடைக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. இந்த மனிதர் பரலோகத்தில் பட்டா வாங்கிவிட்டவர் போலப் பேசுகிறார்.

"தெனமும் நாப்பது பனை ஏறுதேன் சாரே. பாதி வழி வரைக்கும் போயிட்டுத்தான் வாறேன். மீதியும் ஒருநா போயிருவேன்."

"அப்படியா? போன மாசம் மார்த்தாண்டம் சந்தையில வண்டி மேல ஏறி நிண்ணு, எல்லாரும் ஓட்டுப் போடணும்னு தொண்டை கிழியக் கத்தினது யாராக்கும்?"

"அது தொண்டை கத்தினது. ஆத்துமா கத்தல்ல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். நேசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிதருக்கு இந்த ஓட்டின் மேல் எவ்வளவு ஆசை என்று ஊருக்கே தெரியும். பிறகு ஏன் இந்த அடம்? சரி, என்னவோ பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"உம்ம பையன் ஜெயசிங்கைக் கூப்பிடும். இப்படிக் கிறுக்குத்தனம் பண்ணினதுக்கு அவன் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

அரிவாள் தீட்டுகிற சத்தம் நின்றது.

ராஜையன் அரிவாளைத் தரையில் வைத்தார்.

நேசம்மாள்தான் சொன்னாள். "மலையில ரப்பர் தோட்டத்துக்குப் போனான் சாரே. கார்த்திகையில காய்ச்சல். சேதி வந்து சேரும்போ அங்கேயே அடக்கியாச்சு."

எந்தப் பெயரை வெட்ட நாலு மைல் நடந்து வந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ராஜையன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவன் கர்த்தர்கிட்ட போயிட்டான். அதுல எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்ல சாரே. அவனுக்க அரிசிய வேண்டாம்னு நானேதான் ரேஷன் கடையில சொன்னேன். அது நியாயம். ஆனா இவ போய் நிண்ணு அழ இங்க ஒரு கல்லறை இல்ல. அவனுக்க பேரு கெடக்குத எடம் அந்தத் தாளு ஒண்ணுதான். உங்களுக்கு ஒரு பேரு கொறையணும், அம்புட்டுத்தானே? எனக்கத எடுத்துக்கிடும்."

சட்டம் என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும், கச்சேரியில் கண்டுபிடித்தால் என் கதி என்ன என்பதும் தெரியும்.

ராஜையன் என்ற பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்தேன். காரணம் என்ற இடத்தில், குடி மாறினார் என்று எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் மூச்சு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க சாரே" என்றாள் நேசம்மாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"நேசம்மாள், நாற்பத்தெட்டு. ஜெயசிங், இருபத்து மூன்று."

கண்ணை மூடிக் கேட்டவள், தலையை ஆட்டினாள்.

"தப்பாக் கெடக்கு சாரே. இந்த மாசியோட அவனுக்கு இருபத்தி நாலு ஆயாச்சு."

திருத்தினேன்.