பலகைக்குள் நெக்லஸ்

போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றதுமே பெட்டிக்காரன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

ஸ்பீக்கர் பெட்டி செய்வது அவன் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய், தெருவே அவனைப் பெட்டிக்காரன் என்றுதான் கூப்பிடும். இப்போது பட்டறையில் இருந்த ஒரு ஜோடிப் பெட்டியில்தான் அவன் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. செய்யச் சொன்னவர் ஓய்வுபெற்ற நீதிபதி, பாட்டுப் பைத்தியம். தன் ஒரே மகளும் இவனும் விரும்புகிறார்கள் என்று தெரிந்ததும், அவர் திட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. தேக்குப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"ஒரே மரத்துல அறுத்த பலகை, தம்பி. ரேகை மாறக் கூடாது. ஒட்டுல காத்து போகக் கூடாது. ஜோடி கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கணும். ஒரு பெட்டி முன்பலகையில சின்ன ஸ்பீக்கர் இடது ஓரம்னா, இன்னொண்ணுல வலது ஓரம். ஒரு தப்பு இருந்தாலும் பொண்ணு கிடையாது. தொழில்ல அசட்டையா இருக்கறவன் குடும்பத்துலயும் அப்படித்தான் இருப்பான்."

அந்த நீதிபதி இப்போது பெட்டிகளைப் பார்க்க மகளோடு காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அவரை முந்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்துவிட்டார்.

ஒரு பெட்டி மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. மற்றது மேஜைமேல், ஒட்டு பிடிக்க இரும்புக் கிளாம்ப் இறுக்கி, சாக்கு போர்த்தி, குப்புறக் கிடந்தது.

"அடுத்த தெரு நகைக்கடையில வைர நெக்லஸ் களவு போச்சே, தெரியுமா?"

"கேள்விப்பட்டேன் சார்."

"கேள்வி மட்டும்தான் பட்டியா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். துப்பே கிடைக்காமல் மேலதிகாரியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர், ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார். "வயசான அம்மா ஒருத்தங்க போன் பண்ணாங்க. இந்த கிளாம்ப் போட்ட பெட்டிக்கு முன்பலகை ஒண்ணு இல்லையாமே, ரெண்டாமே? நடுவுல குழி வெட்டி நெக்லஸை வச்சு ஒட்டிட்டியாமே?"

"ரெண்டு பலகையைச் சேர்த்து ஒட்டறது வழக்கம்தான் சார். ஒத்தைப் பலகைன்னா பாட்டோட அதுவும் சேர்ந்து அதிரும்." பெட்டிக்காரனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது.

"அப்போ திறந்து காட்டு."

"ஆணி, ஸ்க்ரூ எதுவும் இல்ல சார். வெறும் பசை. நேத்தே இறுகிப்போச்சு. திறக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்."

"அவ்வளவுதானே? உடைச்சுட்டாப் போச்சு."

நீதிபதியின் மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நீதிபதி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பெட்டிக்காரனைப் பார்த்தார். அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அப்படிக் குனிந்த தலைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறையப் பார்த்தவர் அவர். முகம் இறுகிப்போனது.

கான்ஸ்டபிள் கிளாம்புகளைக் கழற்றி, ஒட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். ஒட்டு அசையவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டார். ஒட்டு ஒட்டியபடியே இருக்க, பக்கத்து மரம் பிளந்தது. முன்பலகை முழுக்கச் சில்லுச் சில்லாகித் தரையெல்லாம் இறைந்ததுதான் மிச்சம். இன்ஸ்பெக்டர் மண்டிபோட்டு ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார்.

நெக்லஸ் இல்லை. குழி என்று சொல்ல ஒரு கீறல்கூட இல்லை.

"அப்போ அதுலதான் இருக்கு!" என்று மூலையில் நின்ற பெட்டியைக் காட்டினார்.

"ஐயோ, அது வேண்டாம் சார்!" பெட்டிக்காரன் பாய்ந்துபோய் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் போட்ட சத்தத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல்.

"நில்லுங்க." நீதிபதி முன்னால் வந்தார். "போன்ல எந்தப் பெட்டின்னு சொன்னாங்க?"

"கிளாம்ப் போட்டது சார்."

"அதைத்தான் தூள் தூளாக்கியாச்சே. இன்னொண்ணைத் தொடணும்னா எழுத்துல உத்தரவு கொண்டு வாங்க." குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதைப் பாருங்கய்யா. மரம் பிளந்திருக்கு, ஒட்டு விடலை. இவ்வளவு நேர்மையா ஒட்டறவன் திருட மாட்டான்."

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தீர்ப்புதான். ஆனால் சொன்னவர் நீதிபதியாயிற்றே! இன்ஸ்பெக்டர் எதையோ முணுமுணுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். கூட்டமும் கலைந்தது.

நீதிபதி பெட்டிக்காரன் பக்கம் திரும்பினார். "ஒரு நிமிஷம் நானே சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு எழுத்து மேஜை செய்ய அதே மரத்துல கொஞ்சம் பலகை எடுத்து வச்சிருந்தேன். மேஜை கிடக்கட்டும், அந்தப் பலகையை அனுப்பி வைக்கறேன். நிதானமா ஒரு பெட்டி செஞ்சிடுங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! பெட்டிக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரில் பொய் ஒரு சொட்டுகூட இல்லை.

அவர் காரில் போய் உட்கார்ந்த பிறகுதான் மகள் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், குரலை நடுங்க விட்டு, வயசான அம்மா மாதிரியே சொன்னாள்:

"இந்தத் தடவையாவது சின்ன ஸ்பீக்கர் ஓட்டையை வலது ஓரத்துல போடுப்பா. ரெண்டையும் இடது பெட்டியாவே செஞ்சு ஒட்டி வச்சா, நான் எத்தனை தடவைதான் போலீசுக்குப் போன் பண்றது?"